என் மச்சானின் முழங்கால்

என் மச்சானுக்கு முழங்காலில் அடிபட்டுவிட்டது என்று எழுதியவன் நான். அவனுக்கு எந்த அடியும் படவில்லை. பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து நெட் கடையில் உட்கார்ந்து நான் அந்த வரியைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மடுல்சீமைக்கு மேலே எங்கள் தோட்டத்து ஸ்டோரில் அவன் கொழுந்து மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்திருப்பான். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். இரண்டு காலும் நன்றாக இருந்த ஒருவனை ஒரே வரியில் படுக்க வைத்தேன். காரணம் பொறாமை. அதற்கு வேறு பெயர்கள் வைத்துப் பார்த்திருக்கிறேன். எதுவும் ஒட்டவில்லை.

அவன் என் அத்தை மகன், என்னைவிட ஒரு வயது மூத்தவன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அவர்கள் காம்பரா, அதாவது ஒற்றை அறை, எங்கள் காம்பராவுக்கு அடுத்தது. நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரை வரைக்கும் எட்டாத சுவர். அந்தப் பக்கம் அவன் தும்மினால் இந்தப் பக்கம் என் அம்மா “நூறாயுசு” என்பாள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு அவன் ஸ்டோரில் சேர்ந்தான். நான் தொடர்ந்து படித்தேன். அப்பாவும் அம்மாவும் சம்பளத் தாளில் பெருவிரலை வைக்கிறவர்கள். எங்கள் குடும்பத்தில் சாதாரண தரப் பரீட்சை தாண்டிய முதல் ஆள் நான்.

லயத்தில் ஒரு பிள்ளை படித்தால் அது எல்லோருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். லீவுக் கடிதம், இந்தியாவுக்குப் போய்விட்ட சொந்தக்காரர்களுக்குக் கடிதம், கூரைத் தகரம் கேட்டுத் தோட்டத்துத் தொரைக்கு மனு. அதற்கு ஒரு முறை இருந்தது. அவர்கள் சொல்வார்கள், நான் எழுதுவேன், எழுதியதை உரக்க வாசித்துக் காட்டுவேன். அவர்கள் “சரி” என்ற பிறகுதான் உறையை ஒட்டலாம். வாசிக்கும்போது அவர்கள் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், காகிதத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் வாசிப்பதுதான் அதில் இருக்கிறது என்று நம்புவார்கள். அந்த நம்பிக்கை எனக்குப் பிடித்திருந்தது. எட்டு காம்பராக்காரர்களும் என்னை “படிக்கிற புள்ள” என்றார்கள். அந்த ஒரு பெயரில்தான் நான் நடமாடிக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு அப்படிப் பெயர் எதுவும் தேவைப்படவில்லை. அவன் உடம்பே போதுமாக இருந்தது.

பசறையில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் டிவி கேம் விளையாடும் இடம் ஒன்று இருந்தது. இரண்டு டிவி, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. எல்லோரும் விளையாடியது ஒரே கேம்தான்: இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்ளும் ஜப்பான் கேம். அதில் வருகிறவர்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் ஓடியதால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். மொட்டையன், சிவப்புப் பட்டி, பூனைக்கண்ணி. எந்தப் பொத்தானை எத்தனை தரம் அழுத்தினால் என்ன அடி விழும் என்று நான் ஒரு கொப்பியில் அட்டவணை போட்டு வைத்திருந்தேன். மொட்டையனுக்கு மட்டும் மூன்று பக்கம். மச்சான் அந்தக் கொப்பியைத் திறந்தும் பார்த்ததில்லை. அவன் விளையாடும்போது தோள் அசையும், பாதம் நகரும், டிவிக்குள் இருக்கிறவன் அடிவாங்கினால் இவன் மூச்சு விடுவான். எனக்கு முதல் சுற்றிலேயே முடிந்துவிடும்.

“என்னா மச்சான், கொப்பிய வீட்டுலயா வச்சிட்டு வந்த?” என்று பின்னால் நிற்கிறவர்கள் என்னைக் கேட்பார்கள்.

“இல்ல, கொப்பிதான் வெளையாடுது, இவரு சும்மா பாத்துக்கிட்டு இருக்காரு” என்று இன்னொருவன் சொல்வான். மச்சான்தான் அதிகம் சிரிப்பான்.

கராத்தேயும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஒரு சிங்கள மாஸ்டர் வருவார். இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். ஜப்பான் எண்ணிக்கையை நான் முதல் வாரமே மனப்பாடம் செய்தேன். ஒவ்வொரு நிற்பின் பெயரையும் தமிழில் எழுதி வைத்தேன். மச்சான் பத்துக்கு மேல் எண்ணவே தெரியாமல் உதைத்தான். ஸ்டோரில் கழிவாக ஒதுக்கிய தேயிலைத் தூசியைச் சாக்கில் அடைத்து, லயத்துக்குப் பின்னால் கொய்யா மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, வேலை முடிந்து வந்ததும் அதை உதைப்பான். ஒவ்வோர் உதைக்கும் சாக்கிலிருந்து தூசி கிளம்பும். லயத்துப் பொடிசுகள் வரிசையாக உட்கார்ந்து தும்மிக்கொண்டே பார்க்கும். நான் மஞ்சள் பட்டியோடு நின்றுவிட்டேன். இரண்டாம் முறையும் தேர்வில் விழுந்தபோது மாஸ்டர் என் தோளில் கை போட்டு அவருடைய தமிழில் சொன்னார்: “மல்லி, நீ நல்ல புள்ள. நீ புக் படி. இது வேணாம்.” மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் மச்சான் பக்கத்தில் நின்றான். அவனுக்கு அன்று பிரவுண் பட்டி.

உயர்தரம் படிக்க நான் பதுளைக்கு வந்து ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினேன். சில மாதங்களில் மாஸ்டரும் வகுப்பைப் பதுளைக்கு மாற்றினார். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் மச்சான் வந்து இறங்குவான். வகுப்பு முடிந்ததும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் தேடி நெட் கடைக்கு வருவான். ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த கடை அது. கடைக்காரர் முஸ்லிம், அண்ணன் என்ற பொருளில் அவரை எல்லோரும் நானா என்போம். ஐந்து கம்ப்யூட்டர்கள் இருந்தன. டெலிபோன் லைனில் இழுக்கிற இன்டர்நெட், யாராவது ஒருவர் படம் திறந்தால் மற்ற நான்கு பேரும் பெருமூச்சு விட வேண்டும்.

அங்கேதான் நான் அந்தக் கருத்துக்களத்தைக் கண்டுபிடித்தேன். சண்டை கேம்களையும் உண்மையான சண்டைக் கலைகளையும் பற்றித் தமிழ் ஆட்கள் பேசும் இடம். கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை, கனடா என்று எங்கெங்கோ இருந்து எழுதினார்கள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் தமிழ் எழுத்து வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால், தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள். மொட்டையன் கட்சி, சிவப்புப் பட்டி கட்சி என்று அங்கே இரண்டு பெரிய கூட்டங்கள் இருந்தன. நாங்கள் வைத்த பெயர்கள் இல்லை, உண்மைப் பெயர்களையே சொன்னார்கள். ஆனால் சண்டை அதே சண்டைதான். இவன் அவனை அடிப்பானா, அவன் இவனை அடிப்பானா என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஒருவன் கோபித்துக்கொண்டு போவான். மூன்றாம் நாள் வேறு பெயரில் வந்து அதையே எழுதுவான்.

நான் இரண்டு வாரம் உழைத்து என் முதல் கட்டுரையைப் போட்டேன். ஒவ்வோர் அடியும் எத்தனை நேரம் எடுக்கிறது, யாருக்கு யார் சமம் என்று அட்டவணையோடு. அதற்கு இரண்டு பதில் வந்தன. ஒன்று “நன்றி.” மற்றது “கொஞ்சம் நீளம் நண்பா.”

அடுத்த ஞாயிறு மச்சான் என் பின்னால் நின்று திரையைப் பார்த்தான். மொட்டையன் சுழன்று உதைக்கிற படம் ஒன்றை யாரோ போட்டிருந்தார்கள். கீழே பெரிய வாக்குவாதம்.

“என்னாடா சண்ட?” என்றான்.

“இந்த ஒத நெசத்துல முடியுமா முடியாதான்னு.”

அவன் குனிந்து பார்த்தான். “முடியும். ஆனா இவன் ஊனி நிக்கிற காலு திரும்பலயே. நெசமா இப்பிடி அடிச்சா முழங்காலு கழண்டுரும். தல முந்தித் திரும்பணும், காலு தானா வரும்.”

“அத எழுதட்டா?”

“எழுது. எம்பேருலயா எழுதுவ?”

அப்படித்தான் அவனுக்கு ஒரு கணக்கு திறந்தேன். எங்கள் தோட்டத்தின் பெயரையும் பிரவுண் பட்டியையும் சேர்த்து ஒரு பெயர். கடவுச்சொல் என்னிடம். அவன் சொன்ன மூன்று வரியைத் தட்டினேன், வாசித்துக் காட்டினேன், “சரி” என்றான், அனுப்பினேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் போய்த் திறந்தேன். அந்த மூன்று வரிக்குக் கீழே பதில்கள் அடுத்த பக்கத்துக்கும் போயிருந்தன. சென்னைக்காரர் ஒருவர் எழுந்து நின்று செய்து பார்த்தாராம், அலமாரி மேல் விழுந்தாராம், ஆனால் சரிதானாம். கனடாவில் கராத்தே சொல்லிக்கொடுக்கும் ஒருவர், இத்தனை நாள் இந்தக் களத்தில் வந்த முதல் உருப்படியான வார்த்தை இது என்றிருந்தார். கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து எழுதும் யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன், களத்தை நடத்துவதே அவன்தான், கேட்டிருந்தான்: “அண்ணை, நீங்கள் ஆர்? இவ்வளவு நாளும் எங்கை இருந்தனீங்கள்?”

என் கட்டுரை இரண்டாம் பக்கத்துக்கு இறங்கியிருந்தது.

அதன் பிறகு எல்லா ஞாயிறும் ஒரே வேலைதான். அவன் வேர்த்த உடம்போடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருவான். வந்திருக்கும் கேள்விகளை நான் வாசிப்பேன். அவன் யோசிப்பான், சில நேரம் எழுந்து இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவில் காலைத் தூக்கிப் பார்ப்பான். “தம்பி, என்ட மானிட்டர்!” என்று நானா கத்துவார். பிறகு உட்கார்ந்து சொல்வான். நான் தட்டுவேன்.

அவன் சொன்னதைச் சொன்னபடியே தட்டினேன் என்று சொல்ல முடியாது. முதலில் கொஞ்சம் அழகு சேர்த்தேன். “காலு தானா வரும்” என்பதை “கால் தானாகவே பின்தொடரும்” என்று ஆக்கினேன். அதைச் சிலர் தங்கள் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே கையொப்ப வரியாகப் போட்டுக்கொண்டார்கள். வாழ்க்கைக்கே பொருந்தும் தத்துவம் என்றார்கள். மச்சானிடம் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தான்.

“ஒதைக்கிறதத்தான்டா சொன்னேன். தத்துவமாமே!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ‘பின்தொடரும்’ என்பது என் சொல். அதை யாரும் கேட்கவில்லை.

ஒருத்தி அவனைப் படமாகவே வரைந்து போட்டிருந்தாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, தலையில் துவாய் கட்டிக்கொண்டு, மேகத்தை உதைப்பது போல. அவள் அவனைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் தோள் அப்படியே அவன் தோள்தான். அந்தப் படத்தை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது நானாவுக்குத்தான் தெரியும். புதிதாக வருகிறவர்கள் முதலில் அவனுக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் வேறு பேசினார்கள். மொட்டையன் கட்சியும் சிவப்புப் பட்டிக் கட்சியும் எங்காவது முட்டிக்கொண்டால் “அண்ணை வரட்டும், ஞாயிற்றுக்கிழமை தெரியும்” என்று நிறுத்தி வைத்தார்கள். ஆங்கிலத்தில் தன் பெயரைத் தாண்டி வாசிக்கத் தெரியாத ஒருவனுக்காக, கம்ப்யூட்டரைத் தொட்டே இராத ஒருவனுக்காக, ஊர் ஊராக ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தார்கள். நான் வாரம் ஏழு நாளும் அங்கே இருந்தேன்.

விளையாட்டிலும் கராத்தேயிலும் அவன் ஜெயித்ததைச் சகித்துக்கொண்டேன். எழுத்து என்னுடைய இடம் என்று நினைத்திருந்தேன். அங்கேயும் அவன் வந்து, அதுவும் என் விரலாலேயே வந்து, உட்கார்ந்துவிட்டான்.

மழைக்காலம் முடிகிற ஒரு ஞாயிறு. அவன் பக்கத்தில் இருக்கும்போதே அந்தத் தனி மடலைத் திறந்தேன். வெள்ளவத்தைப் பையன் எழுதியிருந்தான்.

“அண்ணை, வாற பௌர்ணமிப் போயா லீவுக்கு அடுத்த போயாவிலை இஞ்சை ஒரு மண்டபம் எடுத்து எல்லாரும் சந்திக்கிறம். பெரிய திரையிலை கேம் போட்டி இருக்கு. ஆனா உண்மையைச் சொன்னா எல்லாரும் உங்களைப் பாக்கத்தான் வருகினம். திரையிலை கேமிலை வாறவன் உதைக்க, பக்கத்திலை நீங்கள் உதைச்சுக் காட்ட வேணும். கனடாவிலை இருந்து வாற மாஸ்டரும் நிப்பார், உங்களோடை கதைக்க ஆசைப்படுறார். எங்கடை வீட்டிலை தங்கலாம். கட்டாயம் வாங்கோ.”

மச்சான் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு கேட்டான்: “என்னா எழுதிருக்கான்?”

அவன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், என் முகத்தை அல்ல.

“சும்மாதான். புது கேம் ஒண்ணு வந்திருக்காம்.”

“வாங்கிட்டானாமா?”

“இன்னும் இல்லையாம்.”

“சரி” என்றான்.

ஒரு பழத்தை எனக்கும் உரித்துத் தந்தான். நான் சாப்பிட்டேன்.

அவன் கொழும்புக்கே போனதில்லை. பதுளையைத் தாண்டி அவன் பார்த்த ஊர் பண்டாரவளை ஒன்றுதான். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் மூடினேன். அவன் அங்கே போய் நின்றால், பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்து என் பக்கத்தில் உட்கார மாட்டான் என்று தோன்றியது. அந்தக் கனடா மாஸ்டர் அவனுக்கு ஏதாவது ஒரு வழி காட்டிவிடுவாரோ என்றும் பயந்தேன். அறைக்குப் போகிற வழியெல்லாம் நியாயம் தேடினேன்: ஸ்டோரில் லீவு தர மாட்டார்கள், பஸ் ஒத்துக்கொள்ளாது, அவனுக்கு அங்கே பேசத் தெரியாது. என் அறை வருவதற்குள் ஆறேழு நியாயம் சேர்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை என் சொந்தக் கணக்கில் இருந்து அந்தப் பையனுக்கு எழுதினேன். நானும் பதுளைதான், ஒன்றுகூடலுக்கு வரலாமா, கேமின் அடிகளைப் பற்றி ஒரு சிறு உரை தயாராக வைத்திருக்கிறேன் என்று. அன்று மாலையே பதில் வந்தது.

“ஓ, நீங்களும் பதுளையோ! அப்ப அண்ணையைத் தெரியுமோ? அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

உரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்போதுதான் என் கணக்கை மூடிவிட்டு, அவன் கணக்கைத் திறந்து, அந்த முழங்கால் வரியைத் தட்டினேன். பயிற்சியில் விழுந்துவிட்டேன், முழங்கால் வீங்கியிருக்கிறது, பயணம் செய்ய முடியாது, மன்னிக்கவும். வாசித்துக் காட்ட யாரும் இல்லை. நானே “சரி” என்று அனுப்பினேன்.

அனுப்பி முடித்தபோது ஒரு நிம்மதி வந்தது. இரண்டு நாளில் அது போய்விட்டது. களம் முழுக்க அவன் முழங்கால்தான். நல்லெண்ணெய் தடவச் சொன்னார்கள், பனிக்கட்டி வைக்கச் சொன்னார்கள். கனடா மாஸ்டர் எந்தப் பக்கம் வீக்கம் என்று கேட்டு, செய்யக்கூடாத பயிற்சிகளை வரிசையாக எழுதினார். சென்னைக்காரர் கோயிலில் நேர்ந்துகொண்டாராம். இல்லாத ஒரு காயத்துக்கு வந்த அக்கறையைக்கூட நான் தனியாக உட்கார்ந்து வாசித்துப் பொறாமைப்பட்டேன். எனக்கு உண்மையாகவே அம்மை போட்டு மூன்று வாரம் களத்துக்கு வராமல் இருந்தபோது யாரும் தேடியிருக்கவில்லை.

அதுவரை வந்த ஞாயிறுகளில் முழங்கால் பேச்சை விட்டுவிட்டு மற்றக் கேள்விகளை மட்டும் மச்சானுக்கு வாசித்தேன். போயா போனது. இரண்டு ஞாயிறு ஏதேதோ சொல்லி மச்சானை நெட் கடைக்குக் கூட்டிப் போகாமல் தப்பித்தேன். மூன்றாம் ஞாயிறு நாங்கள் தெருவில் நடந்து போகையில் நானாவே மேல்மாடி ஜன்னலில் இருந்து கூப்பிட்டார்.

“தம்பி, ஏன் வாரல்ல? ஒங்கட கூட்டாளிமார் பெரிய போட்டோ ஒண்டு போட்டீக்கிறாங்க. நேத்து ஒரு புள்ள தொறந்து காட்டிச்சு, எனக்கு முழுசாப் பார்க்கக் கெடைக்கல்ல, லைன் கட்டாயிட்டு. வாங்க, தொறங்க!”

மச்சான் ஏற்கெனவே படியேறிவிட்டான்.

எனக்கு அவ்வளவு பயம் இல்லை. போட்டோ என்றால் முகங்கள்தானே. கீழே எழுதியிருப்பதெல்லாம் ஆங்கில எழுத்தில்தானே இருக்கும். வேறு எதையாவது வாசித்துச் சமாளித்துவிடலாம். இத்தனை மாதமும் சமாளித்தவன்தான் நான். உட்கார்ந்து திறந்தேன்.

படம் மேலிருந்து கீழாக, கீற்றுக் கீற்றாக இறங்கியது. முதலில் மண்டபத்தின் கூரை. பிறகு இரண்டு டியூப் லைட். பிறகு ஒரு வெள்ளைத் துணியின் மேல்விளிம்பு. அந்த விளிம்புக்குக் கீழே, நீலச் சாயத்தில், கையால் எழுதிய பெரிய தமிழ் எழுத்துகளின் தலைகள் தெரிய ஆரம்பித்தன.

மூடியிருக்கலாம். என் கை மவுஸில்தான் இருந்தது. ஆனால் நானா என் வலது தோளுக்கு மேலே குனிந்திருந்தார், மச்சான் இடது தோளுக்கு மேலே.

“தமிழ்டா!” என்றான் மச்சான். அந்தத் திரையில் அவனே வாசிக்கக்கூடிய ஒன்று வருவது அதுதான் முதல் தடவை. விரலை நீட்டித் திரையில் வைத்து, எழுத்து இறங்க இறங்கக் கூட்டி வாசித்தான். முதலில் எங்கள் தோட்டத்தின் பெயர். “ஏய், நம்ம தோட்டம்!” என்று என் முதுகில் தட்டினான். அடுத்த கீற்று வந்தது. “அண்... ணைக்கு... மு... ழங்... கால்...”

கடைசிக் கீற்று வருவதற்குள் முன் கம்ப்யூட்டரில் இருந்தவர் எழுந்து, பணத்தை நானாவின் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ‘அண்ணைக்கு முழங்கால் கெதியிலை சுகமாக வேண்டும்’ என்பது முழு வரி. துணிக்குக் கீழே ஐம்பது அறுபது பேர், எல்லோரும் கையை உயர்த்திக்கொண்டு.

மச்சான் விரலை எடுத்தான்.

“யாருக்குடா முழங்காலு?”

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

“எனக்கா?”

“ஆமா.”

“எப்ப அடிபட்டுச்சு?”

“போன மாசம்” என்றேன். உண்மையாகவே நடந்ததற்குப் பதில் சொல்வதுபோல.

“எந்தக் காலு?”

“அது எழுதல. கேட்டாங்க, சொல்லல.”

நானா நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, “நான் டீ ஒண்டு குடிச்சிட்டு வாறன்” என்று கீழே இறங்கிப் போனார். மச்சான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். தன் முழங்கால் இரண்டையும் பார்த்தான். வலது முழங்காலைக் கையால் அமுக்கிக்கூடப் பார்த்தான்.

“என்னயக் கூப்பிட்டாங்களா?”

“ம்.”

“கொழும்புக்கா?”

“ம்.”

“நீ லீவு கெடைக்காதுன்னு நெனச்சியா?”

அவன் எனக்கு ஒரு வாசல் திறந்துவிட்டான். ஆமாம் என்றால் முடிந்திருக்கும். எனக்கே ஏன் என்று தெரியாமல், “இல்ல” என்றேன். “நீ போறது எனக்குப் புடிக்கல.”

அவன் வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தான். கையை உயர்த்தியவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தான் போலிருந்தது. நான் அடிவிழும் என்று எதிர்பார்த்தேன். அவன் அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன்மேல் கோபப்பட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

“எத்தன பேருடா” என்றான். அவ்வளவுதான். பிறகு, “எழுது” என்றான். “முழங்காலு சுகமாயிருச்சு. துணிய பாத்தேன். அடுத்த வாட்டி கூப்பிட்டா கட்டாயம் வாறேன்.”

“அடிபட்டது பொய்யின்னு...”

“அத எதுக்கு எழுதுற? அந்தப் பயலுக ஒன்னயத்தான் ஏசுவானுக.”

தட்டினேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. வாசித்துக் காட்டத் தொடங்கியபோது அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“வேணாம். இந்த இங்கிலீசு எழுத்துல தமிழ் அடிக்கிறத எனக்குச் சொல்லிக் குடு.”

அன்று அவன் பஸ் ஏறும்வரை பஸ் ஸ்டாண்டு சிமெந்து பெஞ்சில் உட்கார்ந்து, என் இயற்பியல் கொப்பியின் கடைசித் தாளில் அ முதல் எழுதிக் கொடுத்தேன். நான் ஒரு வாரம் எடுத்துக் கற்றுக்கொண்டதை அவன் மடுல்சீமை போய் இறங்குவதற்குள் பிடித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். அப்படியில்லை. ஒரு மாதம் எடுத்தான். அந்த ஒரு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

பிறகு அவனே ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினான். கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டான், என் முன்னால் வைத்தே, எந்த வன்மமும் இல்லாமல். பிழை பிழையாகத்தான் வரும். யாரும் பொருட்படுத்தவில்லை, முன்பைவிட நன்றாக இருக்கிறது, நேரில் கேட்பதுபோல இருக்கிறது என்றார்கள். அடுத்த ஒன்றுகூடலுக்கு ஸ்டோரில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டுப் போனான். “நீயும் வாயேன்டா” என்று கேட்டான். பரீட்சை என்றேன். பரீட்சைக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

போய்வந்து அவன் எழுதிய பதிவு நீளமாக இருந்தது. கடலைப் பார்த்தது, கனடா மாஸ்டர் அவன் உதையைப் படம் பிடித்துக்கொண்டு போனது, கேம் போட்டியில் ஒரு சின்னப் பெண்ணிடம் தோற்றது எல்லாம் இருந்தது. நடுவில் ஒரு வரி: ஆரம்பத்தில் எனக்கு எல்லாம் எழுதிக் கொடுத்தது என் மச்சான், அவனும் இந்தக் களத்தில்தான் இருக்கிறான், நல்ல படிப்பாளி.

அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அதிலும் அவன்தான் பெரியவனாக இருந்தான்.

அன்றைக்கே என் கணக்கைத் திறந்து எல்லாவற்றையும் எழுதினேன். அந்த மச்சான் நான்தான், அழைப்பை மறைத்தவன் நான், முழங்கால் பொய், அதை எழுதியவனும் நான், பொறாமையால் எழுதினேன் என்று. அட்டவணை இல்லை, அழகு இல்லை. என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே நேர்மையானது அதுதான் என்று நினைத்தேன். ஏசுவார்கள், களத்தை விட்டுத் துரத்துவார்கள், குறைந்தபட்சம் என்னைப் பற்றி ஒரு நாள் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து, பொத்தானை அழுத்திவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

முதல் பதில் வெள்ளவத்தைப் பையனிடமிருந்து வந்தது.

“அப்ப அண்ணைக்கு முழங்காலிலை ஒண்டும் இல்லைத்தானே? அடிபட்ட காலோடை உதைக்க விட்டிட்டமோ எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான். அப்பாடா!”

அதற்குக் கீழே சென்னைக்காரர் சிரித்த முகம் ஒன்று போட்டு, நேர்ந்துகொண்டதை எப்படியும் நிறைவேற்றிவிட்டதாக எழுதியிருந்தார். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒன்றும் இல்லை, இரண்டு காலும் நன்றாக இருக்கிறது, இப்போது ஸ்டோரில் இருப்பான் என்று அவர்களுக்குப் பதில் தட்டிவிட்டு எழுந்தேன்.